கையைத் தூக்கிக் கேள்!

கழுத்தில் பெயர் எழுதிய அட்டை. கையில் எண் எழுதிய சீட்டு. "நாலாம் நம்பர் வந்தவங்க எல்லாம் இந்தப் பக்கம் வாங்க" என்று ஒரு சீனியர் அக்கா மைக்கில் கூப்பிடுகிறார். பி.காம். முதலாண்டு தொடங்கும் கல்லூரிகளிலும், சி.ஏ. மாணவர்களின் அறிமுகப் பயிற்சிகளிலும் இந்தக் காட்சியை ஆண்டுதோறும் பார்க்கலாம். முன்பின் அறியாத ஐந்தாறு பேரை ஒரு குழுவாக்கி, மூத்த மாணவர் ஒருவரை அதற்கு வழிகாட்டியாகக் கொடுத்து, ஒரு நாள் முழுக்க விளையாட்டும் பேச்சும் பயிற்சியுமாக நடத்துவார்கள்.

அந்த அரங்கில் நீ எந்த இடத்தைத் தேடுவாய் என்று எனக்குத் தெரியும். கடைசி வரிசை. கதவுக்குப் பக்கத்து நாற்காலி. யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடாத மூலை. சமோசாவும் தேநீரும் வந்ததும் வாங்கிக்கொண்டு, சாயங்காலம் பஸ் ஏறிவிட்டால் போதும் என்று மனசு சொல்லும். "நான் தமிழ் மீடியம், கேட்டால் சிரிப்பார்கள்." "தேர்டு குரூப் படித்தவனுக்கு இதுகூடத் தெரியாதா என்பார்கள்." "அவனுடைய அப்பா ஆடிட்டர், என் அப்பா லோடுமேன்." இப்படி ஒவ்வொரு காரணமாக எடுத்து உன்மேல் நீயே அடுக்கிக்கொள்வாய்.

எழுந்திரு. முன்னால் வா. நீ தேர்ந்தெடுத்திருக்கும் தொழிலில் மூலையில் உட்கார்ந்தவனுக்கு இடம் கிடையாது.

இது கூட்டல் கழித்தல் தொழில் என்று ஊர் நினைக்கிறது. கூட்டலை இயந்திரம் செய்துவிடும். டேலியில் எஃப்5 அழுத்தினால் பேமென்ட், எஃப்6 அழுத்தினால் ரிசீப்ட், எஃப்7 அழுத்தினால் ஜர்னல்; மிச்சத்தை அதுவே பார்த்துக்கொள்ளும். இயந்திரத்தால் செய்ய முடியாத வேலை ஒன்று இருக்கிறது. "இந்தச் செலவுக்கு பில் எங்கே?" "இந்தக் கையெழுத்து யாருடையது?" "கணக்கில் நானூறு மூட்டை என்று இருக்கிறது, குடோனைத் திறந்து காட்டுகிறீர்களா?" மார்ச் 31 இருப்பைச் சரிபார்க்க, ஆர்ட்டிகிள்ஷிப்பில் இருக்கும் இருபது வயதுப் பிள்ளை ஒரு மில்லுக்குப் போகிறான். எதிரே ஐம்பது வயது முதலாளி. அந்த ஊரே அவரைக் கண்டால் எழுந்து நிற்கும். அவரிடம் குரல் நடுங்காமல், மரியாதை குறையாமல், அந்தக் கேள்வியைக் கேட்க வேண்டும். அதற்குத்தான் சம்பளம், அதற்குத்தான் பட்டம், அதற்குத்தான் உன் கையெழுத்துக்கு மதிப்பு.

அந்தத் துணிச்சல் தேர்வில் தேறிய மறுநாள் தபாலில் வராது. பக்கத்து நாற்காலிப் பையனிடம் "உன் பெயர் என்ன?" என்று கேட்கத் தயங்குகிறவன், சீனியர் அக்காவிடம் "இது எனக்குப் புரியவில்லை" என்று சொல்லக் கூசுகிறவன், நாளைக்கு ஒரு நிர்வாக இயக்குநரின் மேசைக்கு முன்னால் நின்று என்ன கேட்டுவிடப் போகிறான்? அறிமுக நாள் பொழுதுபோக்கு என்று யாராவது சொன்னால் நம்பாதே. கேள்வி கேட்கும் உன் தொழில் அன்றைக்கே தொடங்குகிறது.

கேட்காமல் விட்டால் என்ன ஆகும் என்பதற்கு நம் நாட்டிலேயே ஒரு பெரிய சாட்சி இருக்கிறது. 2009 ஜனவரி 7 அன்று ஹைதராபாத்தில் சத்யம் நிறுவனத்தின் தலைவர் ராமலிங்க ராஜு தம் இயக்குநர் குழுவுக்கு ஒரு கடிதம் எழுதினார். நிறுவனத்தின் கணக்கில் காட்டியிருக்கும் ரொக்கத்திலும் வங்கி இருப்பிலும் 5,040 கோடி ரூபாய் உண்மையில் இல்லவே இல்லை என்று அதில் ஒப்புக்கொண்டார். நினைத்துப் பார். ஐயாயிரம் கோடி! வங்கியில் இருப்பதாகச் சொல்லும் பணத்தைச் சரிபார்ப்பது எப்படி என்று தணிக்கைப் பாடத்தின் தொடக்கத்திலேயே சொல்லித் தருகிறார்கள். வங்கிக்குத் தணிக்கையாளரே நேராக எழுத வேண்டும். வங்கியின் பதில் தணிக்கையாளருக்கே நேராக வர வேண்டும். அந்தக் கடிதங்களை அனுப்புவதையும் வாங்குவதையும் சத்யத்தின் தணிக்கையாளர்கள் அந்த நிறுவனத்தின் கையிலேயே விட்டுவிட்டார்கள் என்று 2011-இல் அமெரிக்கப் பங்குச் சந்தைக் கட்டுப்பாட்டு ஆணையம் குற்றம் சாட்டியது. தேவைப்பட்டது மேதைமை அல்ல, ஒரு நேரான கேள்வி. "எனக்கு வங்கியிடமிருந்தே பதில் வேண்டும்" என்ற ஒரே வரி. அந்த அறைகளில் எத்தனை இளைஞர்கள் உட்கார்ந்து வேலை பார்த்திருப்பார்கள்! அவர்களில் ஒருவருக்காவது, "சார், இதை நாம் நேராகக் கேட்க வேண்டாமா?" என்று மேலே இருப்பவரிடம் சொல்லும் பழக்கம் இருந்திருந்தால்? அந்தக் கேள்வி என்னை விடுவதே இல்லை.

கேட்டவர்களின் கதையும் உண்டு. அதை நீ நெஞ்சில் எழுதி வைத்துக்கொள்.

அமெரிக்காவின் மிசிசிப்பி மாநிலத்தில் கிளிண்டன் என்று ஒரு சிறிய ஊர். அந்த நாட்டின் மிகப் பெரிய தொலைபேசி நிறுவனங்களில் ஒன்றான வேர்ல்ட்காம் அங்கேதான் தலைமையகம் வைத்திருந்தது. சிந்தியா கூப்பர் அந்த ஊரில் வளர்ந்த பெண். நிறுவனத்தின் உள் தணிக்கைத் துறைக்குத் தலைவர். 2002-இல் அவருடைய குழு, மூலதனச் செலவுக் கணக்கில் ஏதோ இடிப்பதைக் கண்டது. கிளின் ஸ்மித், ஜீன் மோர்ஸ் இருவரும் அந்தக் குழுவில் இருந்தவர்கள். மோர்ஸுக்குக் கணினி கைவந்த கலை. பகலில் அவ்வளவு பதிவுகளை இறக்கினால் கணினி அமைப்பு திணறும், மேலிடத்துக்கும் தெரிந்துபோகும் என்று இரவில் உட்கார்ந்து தேடினார்கள். ஆவணமே இல்லாத 50 கோடி டாலர் பதிவு ஒன்று அகப்பட்டது. அதன் பின்னால் இன்னொன்று. அதன் பின்னால் இன்னொன்று.

நிறுவனத்தின் நிதித் தலைவர் கூப்பரிடம், இந்தத் தணிக்கையைப் பிறகு செய்யலாம், அடுத்த காலாண்டுக்குத் தள்ளி வையுங்கள் என்று சொன்னார். கூப்பர் தள்ளி வைக்கவில்லை. கணக்குத் துறைத் தலைவரிடம் நேரே போய் இந்தப் பதிவுகளுக்கு ஆதாரம் என்ன என்று கேட்டார். ஆதாரம் இல்லை என்ற பதில் வந்தது. 2002 ஜூன் 25 அன்று வேர்ல்ட்காம் உலகத்துக்கு அறிவித்தது: 380 கோடி டாலர் தவறாகக் கணக்கிடப்பட்டிருக்கிறது. பின்னால் அந்தத் தொகை சுமார் 1,100 கோடி டாலராக வளர்ந்தது. நிறுவனத்தின் தலைவராக இருந்தவருக்கு 25 ஆண்டுச் சிறைத் தண்டனை கிடைத்தது.

அந்த மோசடியின் உயிர்நாடி எது தெரியுமா? மற்ற தொலைபேசி நிறுவனங்களின் கம்பிகளைப் பயன்படுத்தியதற்காக மாதாமாதம் கொடுத்த கட்டணத்தைச் செலவாகக் காட்டாமல் சொத்தாகக் காட்டினார்கள். அவ்வளவுதான்! வருவாயினச் செலவை மூலதனச் செலவாக எழுதினார்கள். தம்பி, இது உன் பதினோராம் வகுப்புக் கணக்குப்பதிவியல் புத்தகத்தில் இருக்கிற பாடம். இயந்திரம் வாங்கினால் மூலதனச் செலவு, அதற்கு எண்ணெய் போட்டால் வருவாயினச் செலவு என்று நீ நோட்டில் எழுதிப் படித்த அதே பாடம். உலகத்தை உலுக்கிய மோசடியை இனங்காணத் தேவையான அறிவு உன்னிடம் ஏற்கெனவே இருக்கிறது. "எனக்கு என்ன தெரியும்?" என்று இனிமேல் சொல்லாதே.

இன்னும் ஒன்றைக் கவனி. செலவும் பற்று, சொத்தும் பற்று. ஒன்றை மற்றதன் இடத்தில் எழுதினால் இருப்பாய்வு அசையவே அசையாது. இரண்டு பக்கமும் சமமாகவே நிற்கும். கணினி ஒரு எச்சரிக்கையும் தராது. விதிப்பிழையை இருப்பாய்வு காட்டிக்கொடுக்காது என்று உனக்கு ஆசிரியர் சொன்னது இதைத்தான். அப்படிப்பட்ட பிழையைக் கண்டுபிடிக்கக் கூட்டல் போதாது. மனிதர்கள் வேண்டும், ஒருவர் கண்டதை இன்னொருவரிடம் சொல்லும் பழக்கம் வேண்டும், "இதைப் பார், எனக்குச் சரியாகப் படவில்லை" என்றால் "வா, சேர்ந்து பார்ப்போம்" என்று சொல்லும் தோழமை வேண்டும். கூப்பர் தனியாக நின்றிருந்தால் அந்த நிதித் தலைவரின் ஒரு வார்த்தையில் கோப்பு மூடப்பட்டிருக்கலாம். குழுவாக நின்றார்கள். வென்றார்கள்.

ஆகவே அறிமுக நாளை நடத்துகிற ஆசிரியர்களிடமும் மூத்த மாணவர்களிடமும் உரிமையோடு கேட்கிறேன். மியூசிக்கல் சேரும் பலூன் உடைப்பும் இருக்கட்டும், சிரிக்கட்டும் பிள்ளைகள். ஒரு மணி நேரத்தை மட்டும் இந்தப் பயிற்சிக்குக் கொடுங்கள். ஒவ்வொரு குழுவிடமும் சமப்படாத ஓர் இருப்பாய்வையும், அதற்கு உரிய பேரேட்டையும் வவுச்சர்களையும் கொடுங்கள். வித்தியாசம் 1,800 ரூபாய் என்று வையுங்கள். பிறகு ஒதுங்கி நின்று வேடிக்கை பாருங்கள்.

முதலில் எல்லோரும் மௌனமாக இருப்பார்கள். பிறகு ஒருவன், "முதலில் கூட்டலைத் திரும்பப் பார்ப்போம்" என்பான். இன்னொருத்தி, "1,800-ஐப் பாதியாக்கு, 900. அந்தத் தொகை எங்காவது பக்கம் மாறி விழுந்திருக்கிறதா பார்" என்பாள். மூன்றாமவன் கொஞ்சம் யோசித்துவிட்டு, "1,800 ஒன்பதால் வகுபடுகிறது, 5,300 என்பதை 3,500 என்று இலக்கம் மாற்றி எழுதியிருப்பார்கள்" என்பான். "1,800 என்ற தொகையே பேரேட்டில் ஏறாமல் விடுபட்டிருக்கலாமே" என்பாள் நான்காவது பெண். நான்கு பேர் சொன்னதும் சரியான வழிகள்! அனுபவமுள்ள கணக்காளர்கள் காலங்காலமாகப் பிடித்து வரும் வழிகள். ஒருவனே நான்கையும் ஒவ்வொன்றாகச் செய்தால் பொழுது சாய்ந்துவிடும். ஆளுக்கொன்றாகப் பிரித்துக்கொண்டால் தேநீர் ஆறுவதற்குள் பிழை கையில் அகப்படும்.

அந்த ஒரு மணி நேரத்தில் இன்னொன்றும் நடக்கும். நேரம் நெருங்கும்போது ஒருவன் மெல்லச் சொல்வான்: "விடுப்பா, அனாமத்துக் கணக்கில் போட்டுச் சமப்படுத்திவிடலாம்." அப்போது "முடியாது, எங்கே பிழை என்று தெரிந்தாக வேண்டும்" என்று ஒரு குரல் எழுகிறதா பாருங்கள். அந்தக் குரலுக்கு உரியவரின் பெயரைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். அது பெரும்பாலும் அதுவரை வாயே திறக்காத பிள்ளையாக இருக்கும். அப்பாவின் மளிகைக்கடைக் கடன் நோட்டைப் பத்து வயதிலிருந்து பார்த்து வளர்ந்த பெண்ணாக இருக்கும். ஆங்கிலம் தடுமாறும் அந்தப் பெண்ணுக்குக் கணக்கு தடுமாறாது. மற்ற நால்வரும் அவளைத் திரும்பிப் பார்க்கும் அந்த நொடியில் அவளுக்குள் ஒரு நெருப்புப் பற்றும். மேடையில் இரண்டு மணி நேரம் யார் பேசினாலும் பற்றவைக்க முடியாத நெருப்பு அது.

குழுவுக்கு மூத்தவர் ஒருவரை வழிகாட்டியாக வைப்பது ஏதோ மேல்நாட்டிலிருந்து வந்த புதுப் பழக்கம் என்று நினைக்கிறாயா? நம் மண்ணில் கணக்கு வளர்ந்ததே அப்படித்தான். பர்மாவிலும் மலேயாவிலும் இலங்கையிலும் கொடுக்கல் வாங்கல் நடத்திய நகரத்தார், தங்கள் பிள்ளைகளை எடுத்த எடுப்பில் முதலாளி நாற்காலியில் உட்கார வைக்கவில்லை. சின்ன வயதில் பெட்டியடிப் பையனாகக் கிட்டங்கிக்கு, அதாவது கொடுக்கல் வாங்கல் நடக்கும் கடைக்கு, அனுப்பினார்கள். பணப்பெட்டிக்குப் பக்கத்தில் உட்கார வேண்டும். எடுபிடி வேலை செய்ய வேண்டும். பெரியவர்கள் பற்று எழுதுவதையும் வரவு எழுதுவதையும் கண்ணால் பார்த்துக் கற்க வேண்டும். அதற்குப் பிறகுதான் அடுத்தாள். அடுத்தாளாகத் தேறினால்தான் கடையின் பொறுப்பை ஏற்கும் மேலாள். முந்திரி என்றால் முந்நூற்றிருபதில் ஒரு பங்கு. அந்தப் பின்னம் வரை வட்டி கணக்கிட்ட கைகள் அவை. கடல் கடந்து, மொழி தெரியாத ஊரில் அவர்கள் கடை நடத்த முடிந்ததற்கு, மூத்தவர் இளையவரைப் பக்கத்தில் உட்கார வைத்துச் சொல்லிக்கொடுத்த அந்த ஒழுங்கு முக்கியமான காரணம் என்பேன். இன்றைய ஆர்ட்டிகிள்ஷிப்பும் அடிப்படையில் அதே ஏற்பாடுதான். பாடப்புத்தகத்தில் பாதி, ஓர் ஆடிட்டரின் பக்கத்தில் உட்கார்ந்து மீதி.

கேட்பதில் கௌரவக் குறைவு பார்க்கிற பிள்ளைகளுக்காக இன்னொரு பெரிய மனிதரைச் சொல்கிறேன். 1494-இல் வெனிஸ் நகரில் லூகா பசியோலி என்ற துறவி ஒரு பெரிய கணித நூலை அச்சிட்டார். இரட்டைப் பதிவு முறையை விளக்கிய முதல் அச்சு நூல் என்று நீ படிப்பது அதைத்தான். சில ஆண்டுகளில் அவர் மிலான் நகருக்கு வந்தார். அங்கே லியோனார்டோ டா வின்சி இருந்தார். அப்போது அவருக்கு நாற்பதைத் தாண்டிவிட்டது. இத்தாலியே அறிந்த ஓவியர். அந்த மனிதர் தம் குறிப்பேட்டில், வர்க்க மூலங்களின் பெருக்கலை லூகாவிடம் கற்றுக்கொள்ள வேண்டும் என்று தமக்குத் தாமே குறித்து வைத்துக்கொண்டார். கற்றும் கொண்டார். பசியோலியின் அடுத்த நூலுக்குப் படங்களும் வரைந்து கொடுத்தார். அது 1509-இல் அச்சாயிற்று. டா வின்சிக்கே கேட்க வெட்கமில்லை. பதினெட்டு வயதில் உனக்கு என்ன வெட்கம்?

தங்கையே, உனக்காக ஒரு பெயரைத் தனியாக எடுத்து வைத்திருக்கிறேன். ஆர். சிவபோகம். சென்னையில் 1907-இல் பிறந்தவர். ராணி மேரிக் கல்லூரியில் படித்தவர். சுதேசி இயக்கத்தில் இறங்கி, வேலூர் சிறையில் ஓராண்டு இருந்தவர். வெளியே வந்ததும் அந்தக் காலத்துப் பெண் என்ன செய்திருக்க வேண்டும் என்று ஊர் எதிர்பார்த்திருக்கும்? அவர் கணக்கியல் பட்டயத் தேர்வுக்குப் படித்தார். ஆண்கள் மட்டுமே இருந்த துறை. கூடப் படிக்க ஒரு பெண் கிடையாது, முன்னால் போன ஒரு பெண் கிடையாது. 1933-இல் தேறினார். இந்தியாவின் முதல் பெண் கணக்காளர் என்று இன்று நாம் பெருமையோடு சொல்வது அவரைத்தான்.

தேறியதோடு தடை முடிந்துவிடவில்லை. சி.எஸ். சாஸ்திரி என்ற ஆடிட்டர் அவரைத் தம்மிடம் பயிற்சிக்குச் சேர்த்துக்கொண்டார். சிறை சென்று வந்த ஒரு பெண்ணுக்கு அன்றைக்குக் கதவைத் திறந்துவிட எப்படிப்பட்ட மனசு வேண்டும்! வழிகாட்டி என்றால் அவர் வழிகாட்டி. பயிற்சி முடிந்தால், சிறைத் தண்டனை பெற்றவர்கள் கணக்காளராகப் பதிவு செய்ய முடியாது என்று அன்றைய ஆங்கிலேய அரசின் விதி குறுக்கே நின்றது. சிவபோகம் அழுதுகொண்டு வீட்டுக்குப் போகவில்லை. வழக்குத் தொடுத்தார். வென்றார். 1937-இல் தம் பெயரில் தொழில் தொடங்கினார். நாடு விடுதலை பெற்று, 1949 ஜூலை 1-இல் பட்டயக் கணக்காளர் நிறுவனம் உருவான பின், அதன் தென்னிந்திய மண்டலக் குழுவுக்கு 1955 முதல் 1958 வரை தலைவராக இருந்தார். யாரைப் பதிவு செய்ய மாட்டோம் என்றார்களோ, அவரே தலைவர் நாற்காலியில்! பின்னால் வரும் பெண்களை மறக்காமல், முதல் முயற்சியிலேயே சி.ஏ. தேறும் சிறந்த பெண்ணுக்கு ஒரு பரிசையும் ஏற்படுத்திவிட்டுப் போனார். தமக்குக் கிடைத்ததை அடுத்தவருக்குக் கொடுத்துவிட்டுப் போவது என்றால் அது.

இப்போது சொல். உனக்கு முன்னால் நிற்கும் தடை எது? ஆங்கிலமா? சி.ஏ. தேர்வை ஆங்கிலத்திலோ இந்தியிலோதான் எழுத வேண்டும், தமிழில் எழுத வழியில்லை, உண்மை. அது உனக்குச் சுமைதான், நான் மறைக்க மாட்டேன். ஆனால் பற்று எது, வரவு எது என்று தமிழில் தெளிந்தவன் அதை ஆங்கிலத்தில் சொல்லக் கற்க வேண்டியது சில நூறு சொற்கள்தான். அறிமுக நாளில் உன் குழுவில் ஆங்கில வழியில் படித்து, கணக்கில் தடுமாறும் ஒருவன் கட்டாயம் இருப்பான். அவனுக்கு நீ இருப்பாய்வைச் சொல்லிக்கொடு, அவன் உனக்குச் சொற்களைச் சொல்லிக்கொடுக்கட்டும். இருவரும் தேறுவீர்கள்.

பணமா? பட்டயக் கணக்காளர் நிறுவனமான ஐ.சி.ஏ.ஐ. தன் பாடப்புத்தகங்களையும் பழைய தேர்வுகளுக்கான மாதிரி விடைகளையும் இணையத்தில் இலவசமாகவே வைத்திருக்கிறது. நேரலை வகுப்புகளையும் கட்டணமின்றி நடத்துகிறது. இது தெரியாமல் கடன் வாங்கிக் கோச்சிங் சென்டரில் கட்டும் குடும்பங்கள் இருக்கின்றன. எதை வாங்க வேண்டும், எதை வாங்க வேண்டாம் என்று உன் வழிகாட்டியிடம் அன்றைக்கே கேட்டுவிடு. அந்த ஒரு கேள்வியே உன் அப்பாவின் சில மாதச் சம்பளத்தைக் காப்பாற்றக்கூடும்.

தோல்வி பயமா? சி.ஏ. தேர்வில் ஒவ்வொரு தாளிலும் 40, மொத்தத்தில் 50 விழுக்காடு; இரண்டும் சேர்ந்து வர வேண்டும். எல்லாத் தாளிலும் 45 வாங்கியவனும் விழுவான். கடினம்தான். முதல் முயற்சியில் விழுந்து, பின்னர் எழுந்தவர்கள் இந்தத் தொழிலில் ஏராளம். உன் வழிகாட்டியிடம் அவர் எந்தத் தாளில் விழுந்தார், எப்படி எழுந்தார் என்று கேள். மனசு திறந்து சொல்லும் சீனியர் கிடைத்தால் அவரை விடாதே. இப்போதே சி.ஏ. சேர முடியவில்லை என்றாலும் கவலைப்படாதே, பி.காம். பட்டத்தில் 55 விழுக்காடு எடுத்தால் முதல் கட்டமான ஃபவுண்டேஷன் தேர்வை எழுதாமலேயே அடுத்த கட்டமான இன்டர்மீடியட்டுக்குப் போகலாம். கதவு மூடிவிட்டது என்று யார் சொன்னாலும், சொன்னவர் யாராக இருந்தாலும், விதியைக் காட்டச் சொல்லிக் கேள்.

சீனியர்களே, உங்களுக்கும் ஒரு வார்த்தை. வழிகாட்டி என்று நெஞ்சில் அட்டை குத்திக்கொண்டு, அன்று எடுத்த படத்தை ஸ்டேட்டஸில் போட்டுவிட்டு மறுநாள் முகம் திருப்பாதீர்கள். அது அந்தப் பிள்ளைகளுக்குச் செய்யும் துரோகம். உங்கள் குழுவிலுள்ள ஐந்து பேரின் செல் நம்பர் உங்களிடம் இருக்கட்டும். முதல் இன்டர்னல் தேர்வு முடிந்த அன்று ஒவ்வொருவரையும் கூப்பிட்டு, "எப்படி எழுதினே?" என்று கேளுங்கள். வகுப்புக்கு வராமல் நின்ற பிள்ளையின் வீட்டில் என்ன நடக்கிறது என்று விசாரியுங்கள். அசட்டுக் கேள்வி கேட்டவனைப் பார்த்துச் சிரித்தால், இனி அவன் எங்கேயும் கேட்க மாட்டான். நாளைக்கு ஒரு கணக்குப் புத்தகத்தில் கேட்க வேண்டிய இடத்திலும் வாய் மூடிக்கொள்வான். அந்தச் சிரிப்பின் விலை என்ன என்று சத்யத்தில் பணம் போட்டு இழந்தவர்களைக் கேளுங்கள்.

தம்பி, தங்கையே, இனி உங்கள் முறை. அறிமுக நாளன்று அரை மணி முன்னதாகப் போ. முன் வரிசையில் உட்கார். பக்கத்தில் இருப்பவரின் பெயரையும் ஊரையும் நீயாகவே கேள். குழுவில் முதல் ஆளாக வாயைத் திற. தமிழில் பேசு, தடுமாறினாலும் பேசு. வழிகாட்டியின் நம்பரை வாங்காமல் வீட்டுக்குப் போகாதே. மேடையில் பேசுகிறவர் ஆடிட்டராக இருந்தாலும் துறைத் தலைவராக இருந்தாலும், "ஏதாவது கேள்வி இருக்கா?" என்று அவர் கேட்டு முடிக்குமுன் கையைத் தூக்கு.